காரே வராத ஆல்ப்ஸ் சாலைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

மெதுவண்டி:

ஆல்ப்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் பெயரைத்தான் சொல்வார்கள். நானும் முதல் வருடம் அங்கேதான் போனேன். 48 கொண்டை ஊசி வளைவுகள், 2,757 மீட்டர் உயரம், எல்லாம் சரி. ஆனால் வளைவுக்கு ஒரு மோட்டார் பைக் காதைக் கிழித்துக்கொண்டு போனது. உச்சிக்குப் போனபோது கால் வலியைவிடத் தலைவலிதான் அதிகம்.

அதன்பிறகு ஆள் அரவமில்லாத சாலைகளாகப் பார்த்துத்தான் போகிறேன். இதுவரை ஓட்டியதில் சுவிட்சர்லாந்தின் க்ரோஸ ஷைடெக் மாதிரி ஒன்று இல்லை. மைரிங்கனில் சுமார் 600 மீட்டரில் தொடங்கி, ரோசன்லாவி வழியாக 1,962 மீட்டர் வரை ஏற்றம். ஷ்வார்ட்ஸ்வால்டால்ப் வரைக்கும்தான் தனியார் கார்கள் வரலாம். அதற்கு மேல் பஸ் மட்டும். இடது பக்கம் ஓடை, தலைக்கு மேல் வெட்டர்ஹார்ன் பாறைச் சுவர், மாட்டு மணிச் சத்தம்.

அந்த பஸ்ஸோடுதான் என் சந்திப்பு. சுவிஸ் மலைச் சாலைகளில் ஓடும் போஸ்ட் பஸ் (தபால் பஸ்) ஹாரன் கேட்டிருப்பீர்கள், மூன்று சுரம். ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை நாடக முன்னிசையிலிருந்து எடுத்தது. மலைத் தபால் சாலைகளில் பஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை. ஓட்டுநர் ஒதுங்கு என்றால் ஒதுங்க வேண்டும், பின்னால் போ என்றால் போக வேண்டும். இது தெரிந்திருந்ததால், வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டதுமே இறங்கி, சமர்த்தாகப் புல்லில் கால் வைத்தேன். வைத்த இடம் புதுச் சாணி. ஷூவின் அடியில் பெடலோடு மாட்டும் கிளீட் முழுக்க அடைத்துக்கொண்டது, பெடலில் மாட்டவே இல்லை. ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் கீழே ஓடையைக் கை காட்டினார். பஸ் முழுக்க ஜப்பானியப் பயணிகள். அத்தனை பேரும் என் காலைப் படம் எடுத்தார்கள்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். சாலை பெயரோடு.

*

சமையல்கட்டு:

தம்பி, சாணிக் கதை வாசித்து நல்லாகச் சிரித்தேன். நான் சுவிஸுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல். உணவகத்தில் சமையல் வேலை. சைக்கிள் எடுத்தது டொக்டர் சர்க்கரை என்று பயப்படுத்திய பிறகுதான்.

நான் சொல்லப்போவது பிராகல் கணவாய். முயோத்தாத்தாலில் இருந்து குளோந்தால் ஏரிக்குப் போகும் ஒடுங்கின பாதை, உச்சி 1,550 மீட்டர் அளவு. ஏரி இருக்கிற கிளாருஸ் பக்கத்துப் பாதையைச் சனி ஞாயிறுகளில் மோட்டார் வண்டிகளுக்குப் பூட்டி விடுவார்கள். சைக்கிள்காரருக்குச் சொர்க்கம். ஆனால் சனி ஞாயிறில்தான் எங்கள் கடையில் கூட்டம்! எனக்கு லீவு திங்கட்கிழமை. ஆகவே நான் போவது கார் விடுகிற நாளில். அப்படியிருந்தும் ஏறி இறங்கி முடியும்வரை கண்டது நாலு கார், ஒரு டிராக்டர். பாதை அவ்வளவு ஒடுக்கம், அவ்வளவு செங்குத்து. முயோத்தாத்தால் பக்கம் சில இடத்தில் நான் இறங்கி உருட்டினேன். வெட்கம் என்ன?

பாதியில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் சின்னக் குளிர்பெட்டி. உள்ளே சீஸ், பக்கத்தில் காசு போடும் தகரப் பெட்டி. ஆள் இல்லை. சீஸ் 9 பிராங். என்னிடம் 20 பிராங் தாள் ஒன்றுதான். மிச்சம் எடுக்க வழியில்லை. சரியென்று 20-ஐப் போட்டுவிட்டு இரண்டு துண்டு எடுத்தேன். அப்போதும் இரண்டு பிராங் அவர்களுக்கு லாபம். ஏற்றத்தில் கால் கிலோ கூடினாலே தெரியும், நான் முதுகுப் பையில் ஒரு கிலோ சீஸைச் சுமந்துகொண்டு ஏறினேன்.

இன்னொன்று, கொத்தார்ட் கணவாயின் பழைய பாதை, ட்ரெமோலா. ஐரோலோவில் இருந்து 2,106 மீட்டருக்கு ஏற வேண்டும். மேல் பகுதியில் கருங்கல் பதித்த 24 வளைவு. 1980-இல் மலைக்கு அடியால் 17 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள், நெடுஞ்சாலை அதுக்குள்ளே போய்விட்டது. கணவாய்க்கு மேலாலும் புதுப் பாதை போட்டுவிட்டார்கள். ட்ரெமோலா யாருக்கும் தேவையில்லாத மிச்சம். யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒருமுறை லீவு கிடைத்து ஏறினேன். கீழே சுரங்க வாசலில் கார்கள் எறும்பு வரிசை மாதிரி நிற்கின்றன. நான் மேலே தனியாக. அந்தக் கல் ரோட்டில் கை அதிரும் அதிர்ச்சியில் தண்ணிப் போத்தல் தானாகக் கழன்று உருண்டு இரண்டு வளைவு கீழே போனது. திரும்பி இறங்கி எடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். 28 மில்லிமீட்டர் அகல டயராவது வேண்டும், மழையென்றால் அதாலே இறங்க வேண்டாம்.

1799-இல் ரஷ்யத் தளபதி சுவோரவ் தன் படையோடு கொத்தார்ட்டில் பிரெஞ்சுக்காரரோடு சண்டை பிடித்து ஏறி, பிறகு பிராகலும் தாண்டிக் கிளாருஸுக்குப் போனாராம். நான் கஷ்டப்பட்டு ஏறின இரண்டு இடத்திலும் அந்த மனுஷன் எனக்கு முதலே பீரங்கியோடு போயிருக்கிறார்.

*

ஏத்தக்காரி:

அண்ணா, சீஸ் பெட்டிக்குச் சில்லறை கொண்டுபோவது முதல் பாடம்!

நான் பிரான்ஸில் கிரெனோபிள் பக்கம் இருக்கிறேன். ஆல்ப் துவேஸ் என்ற மலையூருக்கு ஏறும் 21 வளைவுகளைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. அதில் ஏறிய கூட்டத்தில் பெரும்பாலோர் அப்படியே திரும்பி இறங்கிவிடுவார்கள். திரும்பாமல் ஊரைக் கடந்து நேராகப் போனால் சாரேன் கணவாய், சரியாக 1,999 மீட்டர். இன்னும் ஒரு மீட்டர் மண்ணைக் கொட்டியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அந்தப் பக்கம் இறக்கம் ஒடுக்கமானது, குண்டும் குழியும், பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. 2013 டூர் தெ பிரான்ஸில் இதில் இறங்க வைத்தபோது பந்தய வீரர்களே ஆபத்து என்று முணுமுணுத்தார்கள். நமக்கு அவசரம் இல்லையே, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் போதும்.

அங்கேதான் பத்தூவைச் சந்தித்தேன். பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஆட்டு மந்தையோடு இருக்கும் பெரிய வெள்ளை நாய். 1992-இல் மெர்கந்தூர் தேசியப் பூங்கா பக்கம் ஓநாய்கள் மறுபடி தலைகாட்டின. அதிலிருந்து மேய்ச்சல்காரர்கள் இந்த நாய்களை நிறைய வைத்துக்கொள்கிறார்கள். ஆட்டுக்குட்டியோடு குட்டியாகவே வளர்ந்ததால், மந்தைதான் அதற்குக் குடும்பம். வேகமாக வரும் எதுவும் எதிரி.

நான் செய்த முட்டாள்தனம், குரைப்பைக் கேட்டதும் வேகமாக மிதித்தது. மேட்டில் என் வேகம் என்ன, மணிக்கு 11 கிலோமீட்டர். நாய் சாவகாசமாக ஓடி வந்து முன்சக்கரத்துக்கு எதிரே நின்றது. தோள் என் இடுப்பு உயரம். அப்போதுதான் கீழே பார்த்த பலகை ஞாபகம் வந்தது: இறங்கு, சைக்கிளை நடுவில் வை, மெதுவாக நட, மந்தையைச் சுற்றிப் போ. இறங்கினேன். சைக்கிளை அதற்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று தமிழில் பேசிக்கொண்டே நடந்தேன். முகர்ந்து பார்த்தது. கூடவே இருநூறு அடி வந்தது, எல்லை வரை வழியனுப்புவது போல. கடைசி ஆட்டைத் தாண்டியதும் அதற்கு என்மேல் இருந்த அக்கறை போய்விட்டது, திரும்பி நடந்தது. எனக்குத்தான் கால் நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

*

பஞ்சர்:

எல்லோரும் அமைதி அமைதி என்கிறீர்கள். ஆள் வராத சாலையில் ஆள் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன்.

இத்தாலியில் பீட்மான்ட், கோல்லே ஃபவுனியேரா, 2,481 மீட்டர். மேலே இத்தாலியச் சைக்கிள் பந்தய வீரர் மார்கோ பந்தானிக்குச் சிலை இருக்கிறது. சாலை ஒரு காருக்கே போதாது, மர்மோட் என்ற மலை அணிலின் விசிலைத் தவிரச் சத்தம் கிடையாது. இறக்கத்தில் பின் டயர் கிழிந்தது. மாற்று ட்யூபைப் போட்டேன், டயர் கிழிசல் வழியாக அதுவும் போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. கிளீட் ஷூவோடு ஒன்றரை மணி நேரம் நடந்தேன், ஒரு வண்டி இல்லை. நான் தேடிப்போன அமைதி இதுதானே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு பழைய ஃபியட் பாண்டா. உள்ளே ஒரு தாத்தா, பின்சீட் முழுக்கக் காளான் கூடைகள். சைக்கிளுக்கு இடமில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிக் காளான்மேல் வைக்கப் போனேன், மனிதர் பதறிவிட்டார். கூடைகளை ஒவ்வொன்றாக என் மடியில் அடுக்கி, சைக்கிளைப் பின்னால் திணித்தார். பள்ளத்தாக்கு வரை என்னால் முன்னால் எதையும் பார்க்க முடியவில்லை, காளான் வாசனைதான்.

இப்போது ஐந்து யூரோ தாள் ஒன்றை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். டயர் கிழிந்தால் உள்பக்கம் ஒட்டுக் கொடுக்க நோட்டு நன்றாகத் தாங்கும்.

*

மெதுவண்டி:

பஞ்சர், அந்த ஐந்து யூரோ யோசனையை இன்றே செய்கிறேன்.

ஸ்டெல்வியோ பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: இத்தாலிப் பக்கம் போகாமல் சுவிஸ் பக்கம் சாண்டா மரியாவிலிருந்து உம்ப்ரைல் வழியாக ஏறுங்கள். கூட்டம் குறைவு. 2,500 மீட்டரில் ஸ்டெல்வியோ சாலையோடு சேர்ந்துகொள்ளும், அதற்குப் பிறகு மூன்று கிலோமீட்டர்தான் மோட்டார் பைக் தொல்லை. உயரமான கணவாய்கள் பெரும்பாலும் ஜூன் தொடங்கி அக்டோபர் வரைதான். பனி விழுந்தால் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது வியர்க்கிறதே என்று காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டை வீட்டில் வைக்காதீர்கள். இறக்கத்தில் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க முடியாமல் நான் நின்றிருக்கிறேன்.

சமையல்கட்டு அண்ணா, அடுத்து எப்போது பிராகல்?

*

சமையல்கட்டு:

வாற திங்கள், மழை இல்லையென்றால். முயோத்தாத்தாலில் காலை எட்டு மணி. உருட்டுகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்தே உருட்டலாம். சில்லறை நீங்கள் கொண்டு வாருங்கள், அந்த இரண்டு பிராங்கும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.