மெல்லிசு முடி சப்புன்னு ஒட்டிக்குது, காஜல் கீழ இறங்குது... காலைல 20 நிமிஷத்துல என்ன பண்ண முடியும்?

கேட்டவர்: சாரல்மழை

ஹாய் தோழிகளே, இத்தனை நாளா சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். எனக்கு முடி ரொம்ப மெல்லிசு, தோளுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் வரும். தலைக்குக் குளிச்ச அன்னிக்கு நல்லா இருக்கும், மறுநாளே உச்சந்தலைல எண்ணெய் வடிஞ்சு மண்டையோட சப்புன்னு ஒட்டிக்கும், ஆனா நுனி மட்டும் வறண்டு போய் பறக்கும். ஒரே தலைல ரெண்டு பிரச்சனை எப்படி வருதுன்னே புரியல. ஸ்ட்ரெயிட்னர் இருக்கு, முடி கருகிடும்னு பயந்து அதிகம் தொடுறதில்ல.

அடுத்தது கண்ணு. காஜல் போட்டா மத்தியானத்துக்குள்ள கீழ இறங்கி கருவளையம் வந்த மாதிரி ஆயிடுது. வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கறத வாங்கியும் அதே கதை. லைனர்ல வால் இழுத்தா ஒரு பக்கம் மேல போகுது இன்னொரு பக்கம் கீழ தொங்குது, ரெண்டையும் சமமாக்குறேன்னு மாத்தி மாத்தி தடிமனாக்கினா கடைசில பாதி இமை கருப்பாயிடுது. கண்ணாடி வேற போடுவேன், மைனஸ் பவர்.

பார்லர் போற ஆள் இல்ல நான், பெரிய செட் வாங்குற ஐடியாவும் இல்ல. ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி முடி, கண்ணு ரெண்டுக்கும் சேர்த்து 20 நிமிஷம் கிடைக்கும். வீட்லயே சிம்பிளா பண்ற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

---

பதில் 1: பின்னல்காரி

வாங்க சாரல், முதல் கேள்வியே நம்ம ஏரியால கேட்டுட்டீங்க. நான் முடி பத்தி மட்டும் சொல்றேன், கண்ணுக்கு இங்க வேற ஆளுங்க இருக்காங்க.

ஒரே தலைல ரெண்டு பிரச்சனைன்னு குழம்பாதீங்க, நிறைய பேருக்கு இப்படித்தான். எண்ணெய் சுரக்கிறது மண்டைத்தோல்ல, அது நுனி வரைக்கும் இறங்குறதில்ல, அதுவும் நுனிதான் ரொம்ப நாள் பழைய முடி, தேஞ்சு போயிருக்கும். அதனால ஷாம்பூவை மண்டைல மட்டும் தேய்ங்க, அலசும்போது வழியுற நுரையே நுனிக்குப் போதும். கண்டிஷனர் அப்படியே உல்டா, காதுக்குக் கீழ மட்டும். மெல்லிசு முடிக்கு வேர்ல கண்டிஷனர் பட்டாலே அன்னிக்கு வால்யூம் போச்சு.

காலைல நேரம் இல்லன்னா வேலைய ராத்திரிக்குத் தள்ளுங்க. முடி ஈரமாகும்போது உள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுடும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அப்படியே மறுபடி பிடிச்சுக்கும். அதனாலதான் பின்னிட்டுப் படுத்தா காலைல அலை அலையா வருது, சூடே வேணாம். ஆனா சொட்டச் சொட்ட பின்னாதீங்க, விடியுற வரைக்கும் உள்ள காயாது, அவுத்ததும் தொங்கிடும், ஈர முடி இழுபட்டா சீக்கிரம் அறுந்தும் போகும். முக்கால்வாசிக்கு மேல காஞ்சதுக்கு அப்புறம், தொட்டா லேசா குளிர்ச்சி தெரியுற பதத்துல ரெண்டு லூஸ் பின்னல் போடுங்க. முடியற இடத்துல நுனிய உள்பக்கமா சுருட்டி ரப்பர்பேண்ட் போடுங்க, இல்லேன்னா மேல அலையும் கீழ குச்சி மாதிரி நேராவும் நிக்கும். காலைல அவுத்துட்டு சீப்பு போடாதீங்க, விரலால மட்டும் கோதி விடுங்க.

ட்ரை ஷாம்பூ காலைல அடிக்கிறத விட முதல் நாள் ராத்திரியே அடிச்சுட்டுப் படுத்தா நல்லா வேலை செய்யும், அதுல இருக்கற ஸ்டார்ச் மெதுவா எண்ணெய இழுத்துக்கும், வெள்ளையாவும் தெரியாது. கேனை 15-20 செ.மீ. தள்ளிப் பிடிங்க, வகிடு வகிடா பிரிச்சு வேர்ல மட்டும் அடிங்க. இது தலை கழுவினதுக்கு சமம் இல்ல, அழுக்கு அங்கயேதான் இருக்கும், அதனால அடுத்தடுத்த நாள் இதையே அடிச்சு ஓட்டாதீங்க, அரிக்க ஆரம்பிச்சிடும்.

காசே செலவாகாத ஒண்ணு, வகிட்டை எதிர்ப்பக்கம் மாத்துங்க. வருஷக்கணக்கா ஒரே பக்கம் படிஞ்ச முடி எதிர்ப்பக்கம் திரும்பினா வேர்லயே தூக்கிட்டு நிக்கும்.

---

பதில் 2: கொண்டைஊசி

பின்னல்காரி சொன்னதோட ஒரு ஹேர்ஸ்டைலும் சேர்த்துக்கறேன், மெல்லிசு முடிக்கு ஆபீஸ் நாள்ல இதுதான் பெஸ்ட்னு நான் நினைக்கறேன். ரெண்டு நெத்திப்பொட்டுப் பக்கத்துலருந்தும் முடிய எடுத்து பின்னாடி கொண்டு போய் ஒண்ணா ஒரு முறுக்கு முறுக்குங்க, முறுக்கினத அப்படியே விரல் நுனி அளவு முன்னாடி தள்ளுங்க, உச்சில தானா ஒரு மேடு வரும். தள்ளிப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு ஸ்லைடு குறுக்கும் நெடுக்குமா பெருக்கல் குறி மாதிரி குத்துங்க. மத்த முடி ஃப்ரீயா இருக்கட்டும், வேர்ல எண்ணெய் இருந்தாலும் தெரியாது.

ஸ்லைடு குத்துறதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம், வளைவு வளைவா இருக்கற பக்கம் மண்டையப் பார்த்து இருக்கணும், நேரா இருக்கற பக்கம் மேல. அந்த வளைவுதான் முடியப் பிடிக்கிறதே. அப்படியும் வழுக்கினா குத்துறதுக்கு முன்னாடி ஸ்லைடு மேல கொஞ்சம் ஹேர்ஸ்ப்ரே அடிச்சுக்கோங்க.

பேக் கோம்பிங் பண்றதா இருந்தா மேல் அடுக்கு முடிய முன்னாடி தூக்கிப் போட்டுட்டு, உள்ள இருக்கற முடிய மட்டும் வேர்ப்பக்கமா ரெண்டு மூணு தடவை அழுத்தி விட்டு, மேல் அடுக்கால மூடிடுங்க. தினமும் வேணாம், சிக்கு எடுக்கும்போது பாதி முடி சீப்போட வந்துடும். இறுக்கமா போனிடெயில் போட்டு நெத்திய இழுக்குறதும் தினமும் வேணாம், நாளாக நாளாக நெத்தியோரம் முடி கொட்ட ஆரம்பிக்கும்.

---

பதில் 3: மைதீட்டும்_விரல்

கண் டிபார்ட்மென்ட் ஆஜர் 😄

வாட்டர்ப்ரூஃப் வாங்கியும் ஏன் இறங்குதுன்னா, அது தண்ணிக்குத்தான் தாங்கும், எண்ணெய்க்குத் தாங்காது. இமை ஓரத்துல வரிசையா குட்டி குட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கு, கண்ணீர் சீக்கிரம் காஞ்சு போகாம இருக்க அதுங்க எண்ணெய் விட்டுட்டே இருக்கும். நீங்க காஜல் இழுவுறது சரியா அதுங்க வாய் மேலதான். ஒவ்வொரு தடவை கண்ண சிமிட்டும்போதும் எண்ணெயும் கண்ணீரும் சேர்ந்து அந்த மெழுகைக் கரைச்சு கீழ தள்ளும், எவ்ளோ காஸ்ட்லியா வாங்கினாலும் இதே கதைதான். அதனால கீழ் வாட்டர்லைனை, அதாவது கீழ் இமை முடிக்கு உள்பக்கம் இருக்கற ஈர ஓரத்தை, விட்டுடுங்க. நான் சொல்றது கொஞ்சம் பேருக்குப் பிடிக்காதுன்னு தெரியும், கீழ மை இல்லாட்டி கண்ணே இல்லாத மாதிரி ஃபீல் பண்றவங்க இருக்காங்க.

அதுக்குப் பதிலா மேல் இமைல முடி முளைக்கிற இடத்துல, முடிக்கும் முடிக்கும் நடுவுல இருக்கற சந்துல பென்சிலால புள்ளி புள்ளியா வைங்க. கோடு இழுக்கவே வேணாம். இமை முடி அடர்த்தியா இருக்கற மாதிரிதான் தெரியும், லைனர் போட்டதே தெரியாது. அது மேல அதே கலர் ஐஷேடோவ சின்ன பிரஷ்ல தொட்டு அழுத்தி விடுங்க, தேய்க்காதீங்க, அழுத்துங்க. பவுடர் எண்ணெய இழுத்துக்கறதால பென்சில் நகராது. கீழ கண்டிப்பா வேணும்னா வெளி ஓரத்துலருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் மட்டும், இமை முடிக்கு வெளிய, ப்ரௌன் ஷேடோ லேசா.

இன்னொண்ணு, கண்ணுக்குக் கீழ க்ரீம் போட்டு அது உறியறதுக்குள்ள மை போட்டா இறங்கத்தான் செய்யும். க்ரீமை முதல்ல போட்டுட்டு முடி வேலைய முடிச்சுட்டு வாங்க, அதுக்குள்ள உறிஞ்சிடும், கொஞ்சம் பவுடர் ஒத்திட்டு ஆரம்பிங்க.

வால் விஷயம். கண்ணாடி, அதாவது முகம் பார்க்கற கண்ணாடி, தாடை உயரத்துல இருக்கட்டும், நீங்க நேரா நிமிர்ந்து பார்வைய மட்டும் கீழ விடுங்க. விரலால கண் ஓரத்த இழுத்துப் பிடிச்சு போடாதீங்க, கைய விட்டதும் தோல் பழைய இடத்துக்கு வரும், கோடு கோணலாயிடும். கீழ் இமை ஓரம் அப்படியே மேல நீண்டா எங்க போகும்னு பாருங்க, புருவம் முடியற திசைதான், அங்க ஒரு புள்ளி. உடனே கோடு இழுக்காம அடுத்த கண்ணுக்கும் புள்ளிய வைங்க. நேரா பார்த்து ரெண்டும் ஒரே உயரமான்னு செக் பண்ணிட்டு அப்புறம்தான் சேர்க்கணும். புள்ளி தப்பா இருந்தா துடைக்கிறது ஈஸி, கோடு தப்பா இருந்தாத்தான் நீங்க சொன்ன அந்த தடிமன் போட்டி ஆரம்பிக்கும். வால் தொங்கினா மேல இன்னும் மை சேர்க்காம, காட்டன் பட்ஸ மைசெல்லார் வாட்டர்ல (மேக்கப் கலைக்கற தண்ணி) நனைச்சு கீழ் ஓரத்துலருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு, கத்தியால சீவின மாதிரி ஆயிடும்.

ரெண்டு கண்ணும் அச்சு அசலா ஒண்ணா வராது, யாருக்கும் இமை ரெண்டும் ஒரே மாதிரி இருக்கறதில்ல. எதிர்ல உக்காந்து பேசறவங்க ஸ்கேல் வச்சு அளக்கப் போறதில்ல.

---

பதில் 4: சாரல்மழை

ஐயோ எவ்ளோ விவரமா எழுதிருக்கீங்க எல்லாரும், தேங்க்ஸ்! வாட்டர்லைன் விடணும்னு சொன்னது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு 😅 ஆனா காரணம் புரிஞ்சதால ட்ரை பண்றேன். ரெண்டு டவுட்டு. மைனஸ் கண்ணாடிக்கு வேற மாதிரி போடணுமா? ஸ்ட்ரெயிட்னர எடுக்கலாமா வேணாமா? யாருமே அதப் பத்தி சொல்லல.

---

பதில் 5: நாலுகண்ணி

கண்ணாடிக்கு நான் சொல்றேன், என் பேரைப் பார்த்தாலே தெரியும். மைனஸ் லென்ஸ் கண்ண சின்னதா காட்டும், பவர் ஏற ஏற இன்னும் சின்னதாகும். அதனால கண்ண சுத்தி கருப்பு கட்டினா இன்னும் சுருங்கும். மேல மெல்லிசா லைன், மூக்குப்பக்க மூலைல வெளிர் ஷேடோ ஒரு ஒத்து, இமை முடிய கர்ல் பண்ணி மஸ்காரா, அவ்ளோதான். ப்ளஸ் பவர்காரங்களுக்கு நேர் எதிர், எல்லாத்தையும் பெருசா காட்டும், மஸ்காரா திட்டு திட்டா இருந்தா அதையும் சேர்த்து.

கர்லர் எப்பவும் மஸ்காராவுக்கு முன்னாடி. மஸ்காரா போட்டு காஞ்ச முடிய கர்லர்ல கடிச்சா ஒட்டிக்கிட்டு முடியோட பிடுங்கிட்டு வரும். கர்ல் பண்றது லென்ஸ்ல இமை முடி இடிச்சு மை ஒட்டாம இருக்கவும் உதவும். இமை முடி ரொம்ப நீளமா இருக்கறவங்க நுனில மஸ்காரா போடாம வேர்ல மட்டும் பிரஷ்ஷ அப்படி இப்படி ஆட்டி விட்டா போதும்.

மஸ்காரா கீழ இறங்குறவங்களுக்கு ட்யூபிங் மஸ்காரானு ஒரு வகை இருக்கு, ஒவ்வொரு முடியயும் உறை போட்ட மாதிரி மூடிக்கும், எண்ணெய்க்குக் கரையாது, வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு மெதுவா உருவினா குட்டிக் குட்டி குழாயா கழண்டு வரும். முதல் தடவை பார்க்கறவங்க இமை முடியே கொட்டுதுன்னு அலறுவாங்க, பயப்படாதீங்க.

---

பதில் 6: சுருள்_சுருள்

ஸ்ட்ரெயிட்னர் தாராளமா எடுக்கலாம், ஆனா ஈர முடில வச்சுடாதீங்க. சுர்ருன்னு சத்தம் வந்து ஆவி கிளம்பினா உள்ள இருக்கற தண்ணி கொதிச்சு முடித் தண்டையே ஊத வைக்குதுன்னு அர்த்தம், அது திரும்ப சரியாகாது, வெட்டித்தான் விடணும். மெல்லிசு முடிக்கு 150 டிகிரிக்கு மேல போகவே தேவையில்ல. டெம்பரேச்சர் மாத்த முடியாத பழைய மெஷினா இருந்தா மெல்லிசு முடில வைக்காதீங்கன்னுதான் சொல்வேன். ஹீட் ப்ரொடெக்டன்ட் அடிச்சா சேதம் குறையும், ஆனா அடிச்சுட்டோமேன்னு 200 டிகிரி வைக்கிறவங்களுக்கு அதால ஒண்ணும் பண்ண முடியாது. வைக்கிறதும் மெதுவா ஒரே இழுப்பு, அதே இடத்துல மறுபடி மறுபடி ஓட்டக் கூடாது.

கர்ல் நிக்கலன்னு புலம்பறவங்க பெரும்பாலும் சூட்டோட விரல விட்டு கலைக்கிறவங்க. முடி செட் ஆகறது சூடாகும்போது இல்ல, ஆறும்போது. ஸ்ட்ரெயிட்னர்ல சுத்தி எடுத்த சுருள உள்ளங்கைல அப்படியே சுருட்டி கிளிப் போட்டு விட்டுடுங்க, முழுசா ஆறினதும் எடுங்க. அந்த கேப்லதான் கண் மேக்கப் பண்ணணும், உங்க 20 நிமிஷத்துல இதுக்குனு தனி நேரமே வேணாம். பின்னல்காரி சொன்ன ராத்திரி பின்னல் இருந்தா முன்னாடி முகத்து ஓரம் இருக்கற நாலு கத்தைக்கு மட்டும் மெஷின் போதும்.

ஹேர்ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ண இறுக்கி மூடாம கைய நெத்தில குடை மாதிரி வச்சு மறைங்க, இல்லேன்னா அவ்ளோ நேரம் அளந்து போட்ட லைனர் மடிப்புல ஒட்டிக்கும். மழைக்காலத்துல காத்துல ஈரம் அதிகமா இருக்கற அன்னிக்கு கர்லோட சண்டை போடாதீங்க, காத்து ஈரத்துக்கே அந்த ஹைட்ரஜன் பிணைப்பு விட்டுடும், கொண்டைஊசி சொன்ன முறுக்கு போட்டுட்டு கிளம்பிடுங்க.

---

பதில் 7: மைதீட்டும்_விரல்

அப்பவே எழுத விட்டுப் போன விஷயம். மஸ்காரா திறந்து மூணு மாசம் ஆனா காலியாகலன்னாலும் தூக்கிப் போடுங்க. மத்த பொருளுக்கு டப்பா பின்னாடி மூடி திறந்த ஜாடி படம் போட்டு உள்ள 6எம், 12எம்னு இருக்கும், திறந்ததுலருந்து அத்தனை மாசம்னு அர்த்தம். கண்ணு சிவந்து பீளை கட்டின நேரத்துல தொட்ட காஜலையும் சேர்த்து தூக்கிப் போடுங்க, காஜலை யாரோடயும் பகிர வேணாம், கூடப்பிறந்தவங்களா இருந்தாலும். என்ன கலந்திருக்குன்னு லேபிளே இல்லாம வர்ற கண்மையும் வேணாம், சிலதுல ஈயம் இருக்கறது சோதனைகள்ல தெரிஞ்சிருக்கு.

ராத்திரி கலைக்கும்போது பஞ்ச ரிமூவர்ல நனைச்சு மூடின கண்ணு மேல அரை நிமிஷம் சும்மா வச்சிருங்க, அப்புறம் கீழ்நோக்கி ஒரு துடைப்பு. பரபரன்னு தேய்ச்சா இமை முடிதான் போகும்.

---

பதில் 8: சாரல்மழை

சூப்பர், இன்னிக்கு ராத்திரியே பின்னல் போட்டுப் பார்க்கறேன். கடைசியா ஒண்ணு, விசேஷ நாளுக்கு மட்டும் கான்டாக்ட் லென்ஸ் போடுவேன். லென்ஸ் முதல்லயா மேக்கப் முதல்லயா?

---

பதில் 9: நாலுகண்ணி

லென்ஸ் முதல்ல. கைய சோப்பு போட்டுக் கழுவி நல்லா துடைச்சுட்டு போடுங்க, மேக்கப் அதுக்கப்புறம்தான், லென்ஸ் போட்டா வால் போடறதும் தெளிவா தெரியும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கை கழுவிட்டு முதல்ல லென்ஸ எடுங்க, அப்புறம் மேக்கப்ப கலைங்க. இமைக்கு உள்பக்கம் மை, உதிர்ற க்ளிட்டர் ரெண்டும் லென்ஸ் நாள்ல கூடவே கூடாது. கண்ணு உறுத்தினா மேக்கப் போனா போகுதுன்னு உடனே லென்ஸ கழட்டிடுங்க, அதுக்குனே பைல கண்ணாடியும் லென்ஸ் டப்பாவும் வச்சுக்கோங்க.