11 நாளில் 6 நாடு குழுச் சுற்றுலாவா, இரண்டே ஊரில் தங்கி மெதுவாகவா? அம்மாவோடு முதல் வெளிநாட்டுப் பயணம்

கடலோரப்பறவை:

வணக்கம். ஒரு மாதமாக இதே யோசனைதான், முடிவுக்கு வர முடியவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. இடது முழங்கால் தேய்மானம். சமதளத்தில் அரைமணி நேரம் நடப்பார், படி ஏறக் கைப்பிடி வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி திடமாகவே இருக்கிறார். வரும் ஜூனில் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று இருக்கிறேன்.

அம்மாவின் பீரோ கதவின் உள்பக்கம் பழைய காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் உண்டு. செங்குத்துப் பாறையிலிருந்து விழும் அருவி, கீழே ஒரு சர்ச் கோபுரம், தூரத்தில் பனிமலை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. எந்த ஊர் என்று அம்மாவுக்குத் தெரியாது, "சுவிட்சர்லாந்து" என்று மட்டும் சொல்வார்.

இப்போது கையில் இரண்டு வழி. ஒன்று, டூர் கம்பெனியின் 11 நாள் பேக்கேஜ்: பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சுவிட்சர்லாந்து, வெனிஸ், பைசா, ரோம். விசா, ஓட்டல், கோச் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்னொன்று, நாங்கள் இருவர் மட்டும் சுவிட்சர்லாந்தில் 6 இரவு, இத்தாலியில் 5 இரவு, ரயிலில். நான் அலுவலக வேலையாக இரண்டு முறை வெளிநாடு போயிருக்கிறேன், ஆனால் ஏர்போர்ட்டும் ஓட்டலும் தவிர எதுவும் பார்த்ததில்லை. ஆங்கிலம் தவிர அங்கே உதவும் மொழி எதுவும் தெரியாது.

என் பயம் ஒன்றே ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவேன்? அம்மாவைக் கேட்டால் "உனக்கு எது சுலபமோ அப்படிச் செய்" என்கிறார். பெரியவர்களைக் கூட்டிப்போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராகமாலிகை:

குழுவோடு போங்கள். நீங்கள் பயப்படுவது எங்களுக்கு அப்படியே நடந்தது. மூன்றாவது நாள் ராத்திரி, ஆம்ஸ்டர்டாமில், என் மாமனாருக்கு நெஞ்சு வலி. டூர் மேனேஜருக்கு போன் போட்டேன், பத்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிட்டார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் பேச்சு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். விடியும் வரை எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடவுள் புண்ணியத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. குழு மறுநாள் கிளம்பிவிட்டது, நாங்கள் இரண்டு நாள் கழித்து ரயிலில் போய்ச் சேர்ந்துகொண்டோம். அந்த ராத்திரி நான் தனியாக இருந்திருந்தால் கையும் காலும் ஓடியிருக்காது. அதற்காகவே நான் கொடுத்த பணம் தகும்.

மெதுநடை:

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாறை, அருவி, சர்ச் கோபுரம், பின்னால் பனிமலை என்றால் அது பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் லௌட்டர்புருன்னன் கிராமம். அருவியின் பெயர் ஸ்டௌப்பாக், 297 மீட்டர் உயரம். இணையத்தில் தேடி அம்மாவிடம் காட்டுங்கள். அதுதான் என்றால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். 2016-ல் கணவரோடு 10 நாள் குழுச் சுற்றுலா. 2023-ல் நாங்கள் இருவரும் 72 வயது மாமியாரும் தனியாக, 13 நாள், இரண்டே ஊர்.

குழுவில் எங்கள் நாள் இப்படித்தான் விடியும்: ஆறு மணிக்கு எழுப்பும் போன், ஆறரைக்குப் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும், ஏழே முக்காலுக்கு கோச் கிளம்பிவிடும். 10 நாளில் 7 ஓட்டல் மாறினோம். பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். மோனலிசா வெறும் 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். அதற்கு முன்னால் ஒரு கூட்டமே கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது, நானும் எடுத்தேன். கொடி பிடித்த வழிகாட்டி நகர்ந்துவிட்டார், பின்னாலேயே ஓடினேன். அந்த மோனலிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரில் அந்த மியூசியத்திலேயே மிகப் பெரிய ஓவியம் தொங்குகிறது, வெரோனீஸ் 1563-ல் முடித்த கானா ஊர்க் கல்யாணம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதே வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதைவிட வருத்தம் யுங்ஃபிராவ்யோக், சுவிட்சர்லாந்தில் பனிமலை மேல் உள்ள ரயில் நிலையம். 3,454 மீட்டர், 1912-ல் திறந்த மலை ரயில், ஐகர் மலையைக் குடைந்து போகிறது. எங்கள் குழுவுக்கு அது ஆறாம் நாள் என்று பல மாதம் முன்பே குறித்தாகிவிட்டது. அன்றைக்கு முழுக்க மேகம். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. டூர் மேனேஜர் நல்ல மனிதர், அவர் என்ன செய்வார்? மறுநாள் காலை 8 மணிக்கு வெனிஸுக்குக் கிளம்ப வேண்டும்.

2023-ல் லௌட்டர்புருன்னனில் 6 இரவு சமையலறையோடு ஒரு வீடு எடுத்தோம். யுங்ஃபிராவ்யோக் மேலே நேரலைக் கேமரா இருக்கிறது, மலை உச்சி இப்போது எப்படி என்று போனிலேயே பார்க்கலாம். தினமும் காலையில் எழுந்ததும் மாமியார் முதலில் அதைத்தான் கேட்பார். முதல் மூன்று நாள் மேகம். ஒரு நாள் வெங்கன் கிராமத்துக்கு ரயிலில் போய் வந்தோம். ஒரு நாள் மழை, வீட்டிலேயே இருந்தோம். மாமியார் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அருவியைப் பார்த்தபடி இருந்தார். அந்த அருவி பாதியில் காற்றில் கலைந்து தூசியாகப் பறக்கும், பெயருக்கே அதுதான் அர்த்தம் என்று அந்த வீட்டு அம்மாள் சொன்னார். காற்று திரும்பினால் அருவி இடப்பக்கம் சாயும், நின்றால் நேராகும். மத்தியானம் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னைக்கு நாள் நல்லா போச்சும்மா" என்றார். அந்த ஒரு நாளை எந்தப் பேக்கேஜிலும் வாங்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

நான்காம் நாள் கேமராவில் நீல வானம். அப்போதே டிக்கெட் எடுத்துக்கொண்டு மேலே போனோம். ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ஷ் பனியாறு 20 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து போவதை மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பேசவே இல்லை. ஒன்று கவனியுங்கள்: கிராமம் சுமார் 800 மீட்டரில்தான் இருக்கிறது, அங்கிருந்து சில மணி நேரத்தில் 3,454-க்கு ஏறிவிடுவீர்கள். காற்று மெலிந்திருக்கும், தலை கிறுகிறுக்கலாம். ரத்த அழுத்தம் இருப்பதால் அம்மாவின் டாக்டரிடம் கேட்காமல் அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள். மேலே மெதுவாக நடக்கட்டும், ஒவ்வாவிட்டால் அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடுங்கள்.

தனியாகப் போவதில் உள்ள பாரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம், தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்து திட்டம் போட்டேன். லூவ்ர் செவ்வாய் விடுமுறை, ஃபுளோரன்சின் உஃபீட்சி மியூசியம் திங்கள் விடுமுறை, வத்திக்கான் மியூசியம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. இதெல்லாம் தெரியாமல் போனால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள். அங்கே "முதல் மாடி" என்றால் தரைத்தளத்துக்கு மேல் உள்ள மாடி, பழைய கட்டிடங்கள் பலவற்றில் லிஃப்டே கிடையாது. வீடு பதிவு செய்யும் முன் லிஃப்ட் உண்டா, வாசலில் எத்தனை படி என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இத்தாலியில் நாங்கள் அபராதம் கட்டினோம். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன மெஷினில் விட்டு முத்திரை குத்த வேண்டும். எனக்குத் தெரியாது. பரிசோதகர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மாமியார் முன்னால் நின்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழுவில் போயிருந்தால் அந்தச் சங்கடம் இல்லை, உண்மைதான்.

ராகமாலிகை சொன்னது பெரிய விஷயம், அதைத் தள்ள மாட்டேன். ஆனால் ஒன்று: 112 என்ற அவசர எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும், சுவிட்சர்லாந்திலும்தான். அம்மாவின் மாத்திரைகளின் மருந்துப் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, தங்கும் வீட்டு முகவரியையும் இன்ஷூரன்ஸ் உதவி எண்ணையும் சேர்த்து அம்மா கைப்பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று வையுங்கள். விசாவுக்கு எப்படியும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பாலிசி வாங்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது செல்லுமா என்று படித்துப் பாருங்கள், கம்பெனிகள் ஒளித்து எழுதும் வரி அதுதான்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 6 இரவு, 5 இரவு என்றால் சுவிட்சர்லாந்து. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குத் தள்ளக் கூடாது.

முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு நடப்பதைவிடக் கஷ்டம், உட்கார நினைக்கும்போது உட்கார முடியாமல் போவது. குழுவில் 40 பேர் காத்திருக்கிறார்கள் என்று அவர் வலியை வெளியே சொல்லவே மாட்டார். "உனக்கு எது சுலபமோ" என்று சொல்கிற அம்மா நிச்சயமாகச் சொல்ல மாட்டார். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

சக்கரம்:

ஒன்பது வருஷம் ஐரோப்பாவில் குழுக்களை அழைத்துப் போனவன். ஏன் விரட்டுகிறார்கள் என்று பலரும் கோபப்படுவார்கள், காரணம் தெரிந்தால் தேர்ந்தெடுக்க உதவும்.

கோச் டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். ராத்திரி 11 மணி நேர ஓய்வு, சில நாள் மட்டும் 9 ஆகக் குறைக்கலாம். வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும். ஒருவர் கடையில் 20 நிமிடம் தாமதித்தால் மறுநாள் கிளம்பும் நேரமே தள்ளிப்போகும். நாங்கள் கத்துவது அதனால்தான்.

பணம் கட்டும் முன் பயணத்திட்டத்தில் வினைச்சொல்லைப் பாருங்கள். "உள்ளே சென்று பார்த்தல்" என்றால் நுழைவுச்சீட்டு சேர்ந்தது. "காணுதல்", "கடந்து செல்லுதல்" என்றால் கோச் ஜன்னல் வழியாக. ஓட்டல் பெயரைக் கேளுங்கள், ஊர் மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று நீங்களே அளந்து பாருங்கள். ஒரே ஓட்டலில் எத்தனை இரவு என்று எண்ணுங்கள். இந்த 11 நாள் திட்டத்தில் எதிலாவது இரண்டு இரவுக்கு மேல் இருக்கிறதா? இல்லை என்றால் முழங்கால் வலி உள்ளவரை நான் ஏற்றச் சொல்ல மாட்டேன். ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கவைத்து அங்கிருந்து போய்வரும் குழுச் சுற்றுலாக்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கடலோரப்பறவை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி லௌட்டர்புருன்னன் படத்தை எடுத்து, பீரோ கதவைத் திறந்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கோபுரம், பாறை எல்லாம் அதேதான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க எத்தனை நாள் இருக்கலாம்?" என்றார். இத்தனை நாளில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சக்கரம் சொன்னபடி எண்ணினேன். 11 நாள் திட்டத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 2 இரவு, மற்ற எல்லாம் ஒவ்வொன்று. அதை விட்டுவிட்டேன். லௌட்டர்புருன்னனில் 7 இரவு, பிறகு ரோமில் 4 இரவு. இத்தாலியில் வேறு ஊர் வேண்டாம். ரோமில் மட்டும் வழிகாட்டியோடு ஒரு நாள் குழு நடை. ராகமாலிகை, உங்கள் பதிலைப் படித்துத்தான் இன்ஷூரன்ஸை முதல் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

மெதுநடை, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஸ்டேஷனிலிருந்து அந்த அருவி வரை அம்மாவால் நடக்க முடியுமா?

மெதுநடை:

முடியும். ஊரின் ஒரே பெரிய தெரு வழியாகக் கால்மணி நேர நடை, பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. மாமியார் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து 25 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். அருவிக்குப் பின்னால் பாறையில் குடைந்த ஒரு பாதை இருக்கிறது, கோடையில் திறப்பார்கள். அது செங்குத்து, படிகளும் ஈரமாக இருக்கும், அங்கே அம்மா வேண்டாம். தெருவிலேயே நின்று பாருங்கள், சர்ச்சும் அருவியும் மலையும் சேர்ந்து தெரியும் இடம் ஒன்று வரும். போகும்போது மறக்காமல் அந்தப் படத்தைக் கதவிலிருந்து கிழியாமல் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.