புதுப்பிப்பு: அலுவலகத்தில் ரஸ்ட் மொழிக்கு அனுமதி கிடைத்துவிட்டது

பைத்தான் நிரல்மொழி மட்டுமே புழங்கும் எங்கள் அலுவலகத்தில், வேகமாக ஓடும் ரஸ்ட் என்ற நிரல்மொழிக்கு மேலாளரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "மொத்தத்தையும் மாற்றாதீர்கள், மெதுவாக ஓடும் ஒரு பங்ஷனை மட்டும் எழுதிக் காட்டுங்கள்" என்ற பதில்தான். லாக் கோப்புகளை (நிரல் தன் செயல்பாடுகளைக் குறித்துவைக்கும் பதிவுகள்) பிரித்துப் படிக்கும் பங்ஷனை ரஸ்டில் எழுதி, இரு மொழிகளையும் இணைக்கும் பைஓ3 (PyO3) என்ற கருவி வழியாகப் பைத்தானோடு இணைத்தேன். மற்றவர்களின் கோடில் இம்போர்ட் வரி ஒன்றுதான் மாறியது. பழையதையும் புதியதையும் மேலாளர் கண்முன்னே ஓட்டினேன்.

எதிர்பாராதது: வேகத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "நீங்க லீவு போட்டா இதை யார் பார்ப்பாங்க?" என்றார். சக ஊழியர் ஒருவர் கற்றுக்கொள்ள முன்வந்த பிறகுதான் சரி என்றார். அப்புறம், மொழி நிலைக்குமா என்ற சந்தேகத்துக்கு இரண்டு தகவல் போதுமாக இருந்தது: ரஸ்டின் 1.0 பதிப்பு 2015இல் வந்தது. 2022 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், 6.1 பதிப்பில் ரஸ்டைச் சேர்த்துக்கொண்டது.