ரயில் பெட்டி போன்ற கூடம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். திருவல்லிக்கேணியில் பழைய வீடு. கூடம் 22 அடி நீளம், அகலமோ எட்டரை அடிதான். ஒரு முனையில் வாசல், மறுமுனையில் அடுக்களை. ஜன்னல் தெருப்பக்கம் மட்டும். சோபாவே மூன்றடியை விழுங்கிவிடுகிறது. எதிரே டிவி மேசை, நடுவில் டீப்பாய் என்று போட்டால் காபித் தம்ளரோடு வருபவர் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

விட்டத்தில் பாட்டி காலத்து ஊஞ்சல் வளையங்கள் நான்கு இருக்கின்றன, கழற்ற மனமில்லை. பலகையை அகலவாக்கில் மாட்டினால் வீச்சு நீளவாக்கில் போகும், சுவரில் இடிக்காது. ஆனால் வழியை அடைக்குமே? ஊஞ்சலையே தடுப்பாக வைத்துக் கூடத்தை இரண்டாகப் பிரித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடுக்களைப் பக்கச் சுவருக்கு மட்டும் அடர்நிறம் அடித்தால் நீளம் குறைந்து தெரியும் என்கிறார் பெயின்டர். இருட்டிவிடாதா? மாமியார், “பாய் போதும்” என்கிறார். அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.