சிமரோன் செயின்ட் ஜேம்ஸ் ஹோட்டல்: தங்கியவங்க சொல்லுங்க

தூங்காநகர்:
பையனை ஃபில்மான்ட் சாரணர் முகாமிலிருந்து கூட்டிவரப் போனோம். பக்கத்துலயே சிமரோன், அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துச் சின்ன ஊர், அங்கே செயின்ட் ஜேம்ஸ் ஹோட்டல்ல ஒரு ராத்திரி. 1872-ல ஹென்றி லாம்பர்ட் தொடங்கினது, அவர் மனைவி மேரி பேயா வந்தா ரோஜா வாசம் வரும்ங்கிற கதை, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மாடி நடைவழியில, பூட்டியே கிடக்கிற 18-ம் எண் அறையைத் தாண்டும்போது என் மனைவி நின்னுட்டா. "யாரோ பூ வெச்சுக்கிட்டுப் போறாங்க"ன்னா. எனக்கும் வந்தது. நம்ம ஊர்ல பேய்னா மல்லிகைப்பூ. இது பன்னீர் ரோஜா. கையில சாவியோட ரெண்டு பேரும் அசையல. பையன்தான் "அப்பா, பசிக்குது"ன்னான். மூணு வருஷமாச்சு, ரோஜா மாலை வாங்கினா அந்த நடைவழிதான் ஞாபகம்.

கரிசல்காட்டான்:
மேரிக்கும் 18-க்கும் முடிச்சுப் போடாதீங்க. 18 டி.ஜே. ரைட்டோடது. சீட்டாட்டத்துல ஹோட்டலையே ஜெயிச்சவரை முதுகுல சுட்டாங்கன்னு அங்கே சொல்ற கதை. லாம்பர்ட் அதிபர் லிங்கனோட சமையல்காரர்ங்கிறதையும், இந்த ஹோட்டல்ல 26 கொலை நடந்ததுங்கிற கணக்கையும் நான் அப்படியே நம்பமாட்டேன். ஆனா சாப்பாட்டு அறையோட தகர உள்கூரையில இருக்கிற துப்பாக்கி ஓட்டைகளைக் கண்ணால பார்த்தேன். அதுதான் பழைய மதுக்கூடம். அண்ணாந்து எண்ண ஆரம்பிச்சேன், காபி ஆறிப்போச்சு. மேல தூங்கினவன் பிழைச்சது இடையில ரெண்டடுக்கு கனமரப் பலகை இருந்ததாலயாம். 1880-ல ரயில் சான்டா ஃபே வரைக்கும் போனதும், சிமரோன் வழியாப் போன பழைய சான்டா ஃபே வண்டிப்பாதை செத்தது. அதனாலதான் அந்த ஊர் அப்படியே சின்னதா நின்னுபோச்சுன்னு நினைக்கிறேன். பேயைவிட எனக்கு அதுதான் உறுத்துது.

சாரல்:
நாங்களும் தங்கினோம். ராத்திரி கதவு தட்டுற சத்தம், திறந்தா யாருமில்லை. அவ்வளவுதான். போறவங்களுக்குச் சொல்றேன்: ஊர் 6,400 அடி உயரத்துல இருக்கு, முதல் நாள் தலை வலிக்கும், தண்ணி நிறையக் குடிங்க. பழைய கட்டட அறைகள்ல டிவி கிடையாது, குழந்தைங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. இருட்டினப்புறம் சிமரோன் பள்ளத்தாக்கு ரோட்டுல வண்டி ஓட்டாதீங்க, மான் குறுக்கே பாயும். புளிசாதம் கட்டிக்கோங்க. ஜூலைன்னா மத்தியானம் இடியோட மழை வரும், குடை போதாது, மழைக்கோட்டு வேணும். மாடிப்படி குறுகல், பெரிய பெட்டி எடுத்துட்டுப் போகாதீங்க.

தூங்காநகர்:
கரிசல், மேரி அறை 17. பக்கத்து அறை சார். வாசத்துக்குச் சுவரா தடை? சாரல், புளிசாதம் கட்டிட்டுத்தான் போனோம். ராத்திரி அதைத்தான் மூணு பேரும் கட்டில்ல உட்கார்ந்து சாப்பிட்டோம், விளக்கை அணைக்காம.