பாடலாசிரியர் நா. முத்துக்குமார் உங்களுக்கு எப்படி அறிமுகமானாரு?

எனக்கு பாட்டு வழியாதான். 7ஜி ரெயின்போ காலனி வந்தப்ப அத்தன பாட்டும் மனப்பாடம். எழுதுனவரு கவிதையும் எழுதுவாருன்னு தெரியாது. ரொம்ப நாள் கழிச்சு 'தூர்' கவிதைய படிச்சேன், எழுத்தாளர் சுஜாதா மேடையில வாசிச்சு பாராட்டுனதே அதத்தான். கிணத்துல தூர் வாரும்போது அப்பா முங்க முங்க உள்ள விழுந்ததெல்லாம் மேல வரும், வேலைக்காரி திருடிட்டான்னு நெனச்ச வெள்ளி டம்ளரும் வரும். அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். கேட்டுட்டு, "டம்ளர் கெடச்சப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் போய் சொன்னாங்களாடா?"ன்னாங்க. கவிதையோட முடிவு வேற, மனசுக்குள்ள தூர் எடுக்க அப்பா மறந்துட்டாருன்னு முடியும், ஆனா எங்க அம்மா அந்த ஒத்த வரியிலயே நின்னுட்டாங்க, இவ்ளோ சின்ன கவிதைக்குள்ள இன்னொரு வீட்டுப் பொண்ணோட கதையும் இருக்குன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

*

நாங்க காஞ்சிபுரம் பக்கம், அவரு ஊரு கன்னிகாபுரம். அவரோட அப்பா தமிழ் வாத்தியார், வீடு நெறய புத்தகம், அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாங்க. டைரக்டர் ஆகணும்னுதான் பாலு மகேந்திரா சார்கிட்ட அசிஸ்டென்டா சேந்தாரு, அப்புறம் 2000ல 'வீரநடை'யில பாட்டு எழுத ஆரம்பிச்சு அப்படியே பாடலாசிரியர் ஆயிட்டாரு. சினிமாவுக்குப் போனதால கவிஞர் போயிட்டாருன்னு சிலர் சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன். 'வெயிலோடு வெளையாடி' கேளுங்க, வரிக்கு வரி கண்ணுல படமா ஓடும், அது கவிதை எழுதி எழுதிப் பழகுன கை.

*

மேல சொன்னவரு சொன்னத நானும் அப்படியே ஒத்துக்கறேன். என் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப அவரு எழுதுன 'தங்க மீன்கள்' படத்து 'ஆனந்த யாழை' பாடுனாதான் தூங்குவா, எனக்கு சுத்தமா பாட வராது, இருந்தாலும் பாடுவேன். அந்தப் பாட்டுக்கு தேசிய விருது, அடுத்த வருஷமே 'சைவம்' படத்து 'அழகே'வுக்கும். 2016 ஆகஸ்ட் 14 அவரு இறந்துட்டாரு, வெறும் 41 வயசு, நியூஸ் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி என்னால அந்தப் பாட்ட பாட முடியல. விகடன்ல வந்த அவரோட 'அணிலாடும் முன்றில்' படிக்காதவங்க கண்டிப்பா படிங்க, ஒவ்வொரு உறவுக்கும் ஒரு கட்டுரை, அப்பா கட்டுரைய மட்டும் பஸ்ல உக்காந்து படிக்காதீங்க. அவரோட ஹைக்கூ புத்தகம் 'குழந்தைகள் நிறைந்த வீடு' பழைய பிரதி யார்கிட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க, பொண்ணுக்காக தேடிட்டு இருக்கேன்.