யார் இந்த ஆட்டக்காரர்? பழைய என்எஃப்எல் புதிர்களில் மாட்டிக்கொண்ட கதைகள்

எடிசன், நியூஜெர்சியிலிருந்து:

செப்டம்பர் பிறந்தால் போதும், எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் ஆளைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் தொடங்கிவிடும். ஒருவர் என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீகின் பழைய ஆட்டக்காரர் ஒருவரை நினைத்துக்கொண்டு ஐந்து குறிப்புகள் கொடுப்பார். கஷ்டமானது முதலில், சுலபமானது கடைசியில். முதல் குறிப்பிலேயே பெயரைச் சொன்னால் ஐந்து புள்ளி, கடைசிவரை இழுத்தால் ஒன்றுதான். தப்பாகச் சொன்னவர் அந்தச் சுற்று முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது. ஓய்வு பெற்றவர்களை மட்டும்தான் கேட்க வேண்டும். இப்போது ஆடுகிறவர்களைக் கேட்டால் நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி ஆடும் ஃபேன்டசி லீக்கில் ஊறிய இளவட்டங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

சேப்பாக்கத்தில் 1986-ல் டை ஆன டெஸ்டில் கடைசியாக அவுட் ஆனது யார் என்று நம்மைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மணீந்தர் சிங் என்போம். அவர்களுக்கு அது மாதிரி இது. நடுவில் போய்ச் சேர்ந்தவனுக்கு எங்கிருந்து வரும்? "குவார்ட்டர்பேக், ஜெர்சி எண் 12" என்று ஒருநாள் குறிப்பு வந்தது. (குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்.) இணையத்தில் பார்த்தால் ஜோ நேமத், ராஜர் ஸ்டாபாக், டெர்ரி பிராட்ஷா, கென் ஸ்டேப்ளர், ஜிம் கெல்லி, டாம் பிரேடி என்று ஒரு கூட்டமே 12 போட்டிருக்கிறது. அதெல்லாம் ஒரு குறிப்பா? கல்லூரிப் பெயர் கொடுத்தால் நேர்மாறு. "மிசிசிப்பி வேலி ஸ்டேட்" என்று வாயெடுத்ததுமே ஜெர்ரி ரைஸ் என்று நாலு பேர் கத்தினார்கள்.

நான் முதன்முதலாகப் புள்ளி வாங்கியது சினிமாவால். "1970-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸில் லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரர்), அப்புறம் குத்துச்சண்டை வீரராகத் திரையில் பேர் வாங்கினார்" என்றார்கள். 'ராக்கி' படத்தில் அப்போலோ க்ரீடாக நடித்த கார்ல் வெதர்ஸ்! மேசையில் ஒருவர் பாக்கியில்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஆட்டத்தில் முன்வாசல் கிடையாது, பக்கவாட்டுக் கதவுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. உங்களுக்கு எந்தக் கதவு திறந்தது, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்களேன்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து:

எனக்குத் திறந்தது விமான நிலையக் கதவு. பெருமாள் கோவிலுக்கென்று வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துவரப் போகும்போதெல்லாம் அங்கே இரண்டு சிலைகளைப் பார்ப்பேன். ஒன்று ஜார்ஜ் வாஷிங்டன். பக்கத்தில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, குனிந்து, தரையைத் தொடப்போகும் பந்தை அள்ளுகிற ஒருவர். ஒரு தேசத்தின் முதல் ஜனாதிபதிக்குப் பக்கத்தில் நிற்க இந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார் என்று என் அத்தை கேட்டதால்தான் நானே போய்ப் படித்தேன்.

ஃபிராங்கோ ஹாரிஸ். 1972 டிசம்பர் 23, ரெய்டர்ஸுக்கு எதிரான பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். 22 விநாடிதான் பாக்கி, எங்கள் ஊர் அணி ஸ்டீலர்ஸ் 6-7 என்று பின்தங்கியிருக்கிறது. பிராட்ஷா எறிந்த பந்து நடுவில் ஆட்கள் மோதியதில் தெறித்துப் பின்னால் வருகிறது. எல்லோரும் கதை முடிந்தது என்று நிற்க, இவர் மட்டும் ஓடிவந்து காலணி உயரத்தில் பிடித்து, அப்படியே எல்லைவரை ஓடிவிட்டார். 13-7. அந்தப் பந்து முதலில் யார் மேல் பட்டது என்று இந்த ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் 50-வது ஆண்டு விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது, 2022 டிசம்பரில், அவர் இறந்துபோனார்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும், அதனால் புதிருக்கு உதவாது. நான் கொடுக்கும் முதல் குறிப்பு: "கடைசியாக ஆடியது சியாட்டல் சீஹாக்ஸுக்கு." ஊர்க்காரர்களே முழிப்பார்கள். 1984-ல் ஸ்டீலர்ஸோடு சம்பளத் தகராறு, சியாட்டலில் எட்டு ஆட்டம், அத்தோடு சரி. மொத்தம் 12,120 கெஜம் ஓடியிருந்தார். பல வருஷம் ஓட்டச் சாதனையை வைத்திருந்த ஜிம் பிரவுனைத் தாண்ட இன்னும் 193 போதும், அது கிடைக்கவில்லை. பெரிய ஆட்களுடைய கடைசி அணியைக் கேட்பது இந்த ஆட்டத்தில் நல்ல உத்தி. நேமத் என்றால் நியூயார்க் ஜெட்ஸ், ஆனால் முடித்தது ராம்ஸில். ஜானி யுனைடஸ் சான் டியேகோவில். டோனி டார்செட் டென்வரில். ரசிகர்கள் அந்தக் கடைசி வருஷத்தை மறக்கத்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் அது நினைவுக்கு வருவதில்லை.

மினியாபோலிஸிலிருந்து:

என் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அக்டோபரில் ட்வின் சிட்டீஸ் மாரத்தான் நடக்கும். மினியாபோலிஸில் தொடங்கி செயின்ட் பாலில் முடியும். நான் ஓடியபோது மூன்றாவது மைல் வாக்கில் பாதையோரம் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அகலமான தோள். உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேல் வாய் விரித்து நிற்குமே, அந்த சூசஃபோன் என்னும் பித்தளை வாத்தியம், அதை மாட்டிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் ஓடுகிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். நம்ம ஊர்க் கல்யாணத்து பேண்டு வாத்தியக்காரர் ஞாபகம் வந்தது. அதோடு மறந்தும் போனேன்.

அப்புறம் பனிக்காலத்தில் நண்பர் வீட்டில் இதே ஐந்து குறிப்பு ஆட்டம். கேட்டவர் எங்கள் ஊர் அணி வைக்கிங்ஸின் வெறியர். "யாருக்கும் தெரியாததிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "இவர் மாரத்தான் ஓடுபவர்களுக்காகத் தெருவோரம் நின்று சூசஃபோன் ஊதுவார்" என்றார். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "பார்த்திருக்கிறேன்! அந்தத் தாத்தாவை எனக்குத் தெரியும்!" சரி, பெயர் என்ன? பெயர் தெரியாது. ஆளுக்குக் கையசைத்திருக்கிறேன், பெயர் தெரியாது! விதிப்படி புள்ளி இல்லை.

இரண்டாவது குறிப்பு: "பிறந்தது ஓஹையோவின் கேன்டன். சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கட்டடம் அங்கே எழும்பியபோது கட்டுமான வேலை செய்த பையன், பிறகு 1988-ல் அதே கட்டடத்துக்குள் சிலையாக நுழைந்தார்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பெயர் மட்டும் வரவில்லை. மூன்றாவது: "1971-ல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை." நான்காவது: "ஆடிக்கொண்டே சட்டம் படித்தார், 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி." மற்றவர்கள் இதற்குள் தப்புப் பெயர் சொல்லி வாயடைத்துப் போயிருந்தார்கள். ஐந்தாவது: "இந்த ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இவர் பெயர்." அட, என் பையன் கூடைப்பந்து ஆடப் போகிற பள்ளி! ஜஸ்டிஸ் பேஜ். ஆலன் பேஜ். ஒரு புள்ளி.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து மனிதரைப் பற்றிப் படித்தேன். ஓட்டத்தில் இறங்கியதால்தான் வைக்கிங்ஸ் இவரை 1978-ல் விட்டுவிட்டது. நெடுந்தூரம் ஓடி ஓடி எடை குறைந்துவிட்டது, தடுப்பு வரிசைக்கு இந்த உடம்பு போதாது என்றார்கள். சிகாகோ பியர்ஸ் எடுத்துக்கொண்டது, அங்கே 1981 வரை ஆடினார். 1979-ல், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, முழு மாரத்தானும் ஓடி முடித்தார். பள்ளிக்கு 2017-ல் இவர் பெயர் வந்ததற்குப் பின்னால் அங்கே படித்த பிள்ளைகளின் முயற்சி இருந்திருக்கிறது. பதக்கம், கோப்பையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஓடுவதற்காக வேலையை இழந்த ஒருவர் வயதான பிறகு ஓடுகிறவர்களுக்கு வாத்தியம் வாசிக்கிறார் பாருங்கள், எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

டொரோண்டோவிலிருந்து:

அண்ணை, குறிப்பு கஷ்டமோ சுகமோ என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த வேலைத்தலத்து ஆள் ஒருவர் "தொடர்ந்து ஐந்து கிரே கோப்பை வென்றவர்" என்று பெரிய எடுப்பாய் முதல் குறிப்பாய்ப் போட்டார். கிரே கோப்பை கனடாக் கால்பந்தின் பட்டம், அவருக்கு அது மலை. எங்களுக்கு அது காலைக் கோப்பி. வாரன் மூன் என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னோம். 1978-ல் ரோஸ் பவுல் என்னும் கல்லூரி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரராய் வந்த குவார்ட்டர்பேக்கை என்எஃப்எல் அணி ஒன்றும் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினத்தவர் என்றால் வேறு இடத்தில் ஆடு என்று சொல்லும் காலம். எட்மன்டனுக்கு வந்து 1978 முதல் 1982 வரை ஐந்து கோப்பை. பிறகு 1984-ல் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் காசு கொடுத்துக் கூப்பிட்டது. இரண்டு நாட்டு ஹால் ஆஃப் ஃபேமிலும் அவருடைய பெயர் இருக்கிறது.

அந்த ஆள் அடுத்த கிழமை கனடாவையே தொடாத ஒருவரைக் கேட்டார். நியாயம்தான்.

டாலஸ் பக்கத்திலிருந்து:

மாட்டிக்கொண்ட கதைதானே கேட்டீர்கள்? எனக்கு வயிற்றெரிச்சல் கதை இருக்கிறது. இங்கே ஒரு உணவகத்தில் செவ்வாய்க்கிழமை புதிர்ப்போட்டி. கடைசிக் கேள்வி என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைப் பற்றி, சரியா தவறா: "சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் விருது எப்போதும் ஜெயித்த அணிக்கே போயிருக்கிறது." எங்கள் மேசை "தவறு" என்று எழுதி, பக்கத்திலேயே சக் ஹவ்லி என்று பெயரையும் போட்டது. நடத்துனர் தாளைப் பார்த்து "சரி" என்பதே விடை என்றுவிட்டார்.

அய்யா, ஐந்தாவது சூப்பர் பவுல், 1971 ஜனவரி. பால்டிமோர் கோல்ட்ஸ் 16, டாலஸ் கவ்பாய்ஸ் 13. தோற்ற டாலஸின் லைன்பேக்கர் ஹவ்லி இரண்டு பந்தை இடைமறித்தார், விருது அவருக்குத்தான் போனது. தோற்ற அணியிலிருந்து அதை வாங்கிய ஒரே ஆள். அவர் ஆடிய ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு இதைத் தப்பு என்கிறார்கள்! பக்கத்து மேசையில் கவ்பாய்ஸ் சட்டை போட்ட பெரியவர்கள்கூட எங்களுக்காகச் சண்டை போட்டார்கள். நடத்துனர் மசியவில்லை. தாளில் இருப்பதே தீர்ப்பாம். ஒரு புள்ளியில் பரிசு கூப்பன் போயிற்று. 2023-ல், 87 வயதில், ஹவ்லி ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன செய்தி வந்தபோது அந்த உணவகத்துக்கு அனுப்பலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

ஹூஸ்டனிலிருந்து:

நான் கணிதத் துறை. எங்களிடம் "கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆட்டக்காரர்" என்றால் இளையவர்கள் உடனே ஜான் அர்ஷல் என்பார்கள். பால்டிமோர் ரேவன்ஸில் மூன்று பருவம் ஆடிவிட்டு, 2017-ல் ஓய்வு பெற்று, எம்ஐடியில் பட்டம் முடித்தவர். அங்கேதான் கண்ணி. முதிய பேராசிரியர்கள் அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். "சாம்பியன்ஷிப் ஜெயித்த குவார்ட்டர்பேக்" என்று சேர்த்தால் ஆள் மாறிவிடும்: ஃபிராங்க் ரயன்.

1964 டிசம்பர் 27, கிளீவ்லாந்து 27, பால்டிமோர் 0. எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் மூன்று எறிந்தார், மூன்றும் கேரி காலின்ஸுக்கு. அதற்கடுத்த வருஷம் ரைஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஆட்டத்தை விட்ட பிறகு வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபைக்கு மின்னணு வாக்குப்பதிவு முறை கொண்டுவந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அந்த 1964-க்குப் பிறகு பட்டமே ஜெயிக்கவில்லை. அந்த ஊர்க்காரர் மேசையில் இருந்தால் இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விடுவது நல்லது.

சான் ஹோசேயிலிருந்து:

எங்கள் வீட்டில் கட்டம்தான். இம்மாகுலேட் கிரிட் என்னும் இணையப் புதிர். மூன்றுக்கு மூன்று, ஒன்பது சதுரம், ஒன்பதே வாய்ப்பு. மேலே அணிகள், இடப்பக்கமும் அணிகள், இரண்டுக்கும் ஆடிய ஒருவரைப் போட வேண்டும். ஒரே ஆளை இரண்டு தடவை போட முடியாது. மற்றவர்கள் அதிகம் சொல்லாத பெயரைச் சொன்னால்தான் பெருமை. ஒன்பது அணிக்கு ஆடிய ராயன் ஃபிட்ஸ்பாட்ரிக் இருந்தால் எந்தக் கட்டமும் நிறையும், ஆனால் ஊரே அவரைத்தான் போடும்.

மேலே படித்ததை என் பொண்ணுக்குச் சொன்னேன். "ஸ்டீலர்ஸ், சீஹாக்ஸ்" வந்த சதுரத்தில் எல்லோரும் ரஸ்ஸல் வில்சனைப் போட, அவள் ஃபிராங்கோ ஹாரிஸைப் போட்டாள். "வைக்கிங்ஸ், பியர்ஸ்" வந்தால் ஆலன் பேஜைப் போடுவேன் என்று காத்திருக்கிறாள். பிட்ஸ்பர்க் அண்ணாவுக்கும் மினியாபோலிஸ் அண்ணாவுக்கும் அவள் சார்பில் நன்றி.

எடிசன், நியூஜெர்சியிலிருந்து மறுபடியும்:

நம்மாட்கள் யாராவது ஆடியிருக்கிறார்களா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். பிராண்டன் சில்லர். அப்பா வழியில் இந்தியர், லைன்பேக்கர், 2004-ல் ராம்ஸ் தேர்ந்தெடுத்தது, பிறகு கிரீன் பே பேக்கர்ஸ். எங்கள் மேசையில் இவரை வைத்து ஐந்து புள்ளி எடுத்தேன், அதற்கப்புறம் இந்தியர் என்று யார் வாயெடுத்தாலும் எல்லோரும் சில்லர் என்கிறார்கள். செல்லாக்காசாகிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை என் முறை. இதைத்தான் போடப்போகிறேன், இங்கே சோதித்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று: பிறந்தது நார்வே. இரண்டு: மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தது பனிச்சறுக்குத் தாண்டலுக்கான உதவித்தொகையில். மூன்று: மைதானத்துப் படிக்கட்டுகளில் ஓடிப் பயிற்சி செய்யவந்தவர், சும்மா பந்தை உதைத்ததைக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். நான்கு: 1991-ல், உதைப்பது தவிர வேறெதுவும் செய்யாத கிக்கர்களில் முதல் ஆளாக, ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். ஐந்தாவதைச் சொன்னால் கேன்சஸ் சிட்டிக்காரர்கள் பாய்ந்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. பெயரை மட்டும் எழுதாமல், எத்தனையாவது குறிப்பில் பிடித்தீர்கள் என்று போடுங்கள்.